கீழே வராத பந்து

ஷபீனாவை எனக்குத் தெரிய வந்ததே ஒரு உடைந்த ஜன்னலால்தான்.

அனகாபுத்தூரில் அவள் வீட்டு மாடியில் நடக்கும் டியூஷனுக்கு என் மகள் போய்க்கொண்டிருந்தாள். ஒருநாள் மகளைக் கூட்டிவரப் போனால், வாசலில் ஒரே கூச்சல். பக்கத்து வீட்டு பட்டு அக்கா தெருவையே கூட்டி வைத்திருந்தார். அவருடைய சமையலறை ஜன்னல் கண்ணாடியை ஷபீனாவின் மகன் யாசீன் கிரிக்கெட் பந்தால் உடைத்துவிட்டானாம். மாடியிலிருந்து எறிந்தானாம். கண்ணால் பார்த்தீர்களா என்று யாரோ கேட்டதற்கு, பார்த்தால்தான் தெரியுமா என்று திருப்பிக் கேட்டார்.

வேறொரு அம்மாவாக இருந்தால் மகன் முதுகில் நாலு வைத்திருப்பாள், இல்லாவிட்டால் பட்டு அக்காவோடு மல்லுக்கு நின்றிருப்பாள். ஷபீனா இரண்டையும் செய்யவில்லை. அந்த வீட்டுச் சமையலறைக்குள் போனாள். கண்ணாடியில் இருந்த ஓட்டையைப் பார்த்தாள். பந்து உள்ளே எதில் பட்டது என்று கேட்டாள். மேல் அலமாரியில் இருந்த ஊறுகாய் ஜாடி உடைந்திருந்தது. ஜாடியையும் ஓட்டையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு வெளியே வந்தாள்.

"மாடியிலருந்து வந்திருந்தா கண்ணாடிய தாண்டினதும் கீழ இறங்கியிருக்கும்க்கா. அடுப்பு மேடையிலதான் விழுந்திருக்கும். இது ஓட்டைய விட ஒசரத்துல போய் பட்டிருக்கு. அப்ப பந்து ஏறிகினு இருந்திருக்கு. கீழருந்து எறிஞ்சது இது. பின்சந்துலருந்து."

பட்டு அக்கா மாடியை நோக்கி நீட்டியிருந்த கையை இறக்கினார். ஆனால் யாசீன் முகம் வெளுத்துவிட்டது. பயல் பின்சந்தில்தான் நின்று விளையாடிக்கொண்டிருந்தான்.

பெற்ற மகனைக் கணக்குப் போட்டு மாட்டிவிட்ட ஒரே தாய் இவளாகத்தான் இருப்பாள். அன்றைக்கே எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று.

பிறந்தது பல்லாவரம். வாப்பா அப்துல் கஃபாருக்கு ஸ்டேஷன் பக்கத்தில் தோல்பைக் கடை. கல்லூரியில் பிசிக்ஸ் படித்தாள். கடைசி வருஷம் நிக்காஹ் ஆகிவிட்டது. யாசீனை வயிற்றில் வைத்துக்கொண்டு கடைசிப் பரீட்சை எழுதினாள். அஞ்சல் வழியில் எம்.எஸ்ஸி. சேர்ந்தபோது, அடையாறு பெருக்கெடுத்து ஒரு ராத்திரியில் வீட்டுக்குள் நுழைந்து புத்தகங்களையெல்லாம் கூழாக்கிவிட்டது. கூடப் படித்தவர்களிடம் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி, போனில் பார்த்தே படித்து முடித்தாள். பம்மலில் டூவீலர் மெக்கானிக் கடை வைத்திருக்கும் அவள் கணவர் இர்ஃபான், வண்டி ரிப்பேருக்கு வருகிற ஆளிடமெல்லாம் "எங்க வூட்ல எம்.எஸ்ஸி. பிசிக்ஸ்" என்று சொல்லாமல் ஸ்பேனரைக் கையில் எடுக்கமாட்டார்.

ஆனால் எம்.எஸ்ஸி. பிசிக்ஸ் வீட்டு மாடியில் பாய் விரித்து உட்கார்ந்து அஞ்சாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பெருக்கல் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தது. அவளுக்கு இருந்தது ஒரே ஆசை. பெரிய போர்டு முன்னால் நின்று பெரிய பிள்ளைகளுக்கு பிசிக்ஸ் எடுக்க வேண்டும். அதற்காக இரண்டு கோச்சிங் சென்டர் ஏறி இறங்கினாள். ஒன்றில், இத்தனை வருஷம் என்ன செய்தீர்கள் என்று கேட்டு போர்டைத் தொடவிடாமலே அனுப்பிவிட்டார்கள். மற்றொன்றில் போர்டு வரைக்கும் போனாள். போனவள் பிள்ளைகள் முகத்தைப் பார்த்ததும் நாக்கு ஒட்டிக்கொண்டு திரும்பி வந்துவிட்டாள்.

மேற்குத் தாம்பரத்தில் நான் கெமிஸ்ட்ரி எடுக்கும் சென்டரில் பிசிக்ஸ் ஆசிரியர் வேலையை விட்டுப் போனதும், நான்தான் ஷபீனாவின் பேரைச் சொன்னேன். டெமோவுக்கு, அதாவது ஒரு மாதிரி வகுப்பு எடுத்துக்காட்ட, வரச் சொன்னார்கள். முந்தின நாள் அவள் போனில் சொன்னாள்.

"இதான் கடைசி தபீதாக்கா. இதுவும் போச்சுன்னா, இனிமே டெமோன்ற வார்த்தையே என்கிட்ட பேசாதீங்க. அந்த பாயோடயே இருந்துட்டு போறேன்."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. குரல் அப்படி இருந்தது.

எங்கள் சென்டர் முடிச்சூர் ரோட்டில், ஒரு செல்போன் கடைக்கு மேலே மாடியில் இருக்கிறது. முதலாளி சிவகுமார் சார் கெட்டவர் இல்லை. ஆனால் அவருக்குச் சில ரூல்கள் உண்டு, அவற்றை வேதவாக்காக வைத்திருப்பார். டெமோ விஷயத்தில் அவர் ரூல் விசித்திரமானது. கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொள்வார். போர்டைப் பார்க்கவே மாட்டார். பிள்ளைகளின் நோட்டைத்தான் பார்ப்பார்.

டெமோ வைப்பது ரிப்பீட்டர் பேட்சுக்கு. நீட் ஒருமுறை எழுதி, இடம் கிடைக்காமல், மறுபடி எழுத உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள். சுஜி என்ற பெண்ணைப் போலச் சிலருக்கு இது மூன்றாம் தடவை. எல்லாப் பாடத்தையும் ஏற்கெனவே கேட்டுச் சலித்தவர்கள். புதிதாக ஒருவர் வந்து நின்றால் நோட்டை மூடி, அதன்மேல் கையைக் கட்டி வைத்துக்கொண்டு, ஜவுளிக்கடையில் புடவை பார்க்கிற மாதிரி பார்ப்பார்கள். பாடம் பிடித்து யாராவது நோட்டைத் திறந்தால் அந்த ஆசிரியருக்கு வேலை. திறக்காவிட்டால், வந்த வழியே போக வேண்டியதுதான். இதுவரை வந்தவர்களில் பாதிப் பேருக்கு மேல் வந்த வழியே போனவர்கள்தான்.

அன்று காலை இர்ஃபான் பைக்கில் கொண்டுவந்து விட்டார். ஷபீனா ஹெல்மெட்டை அவரிடம் கொடுக்க மறந்து, கையிலேயே பிடித்துக்கொண்டு மாடி ஏறிவிட்டாள். நான்தான் வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"தைரியமா கீறாளா?" என்று இர்ஃபான் கேட்டார்.

"உங்களைவிட தைரியமா இருக்கா. போய் டீ குடிங்க" என்றேன். அண்டப்புளுகு. ஹெல்மெட்டோடு மாடி ஏறினவளுக்கு ஏது தைரியம்?

வகுப்புக்குள் போகும் முன் சிவகுமார் சார் எங்கள் இருவரையும் தன் அறையில் உட்காரவைத்து அவளிடம் பேசினார்.

"டிகிரிக்கு அப்புறம் இத்தன வருஷம். இதுல வேலைன்னு எதுவும் இல்லையே மேடம்?"

"வீட்டுல டியூஷன் எடுத்தேன் சார்."

"அஞ்சாவது பசங்களுக்கு. அது கணக்குல வராது. அதையெல்லாம் அடிச்சிடுவோம். ஃப்ரெஷர்னே வெச்சுக்கலாம்." முகத்தைச் சுளிக்காமல், சாதாரணமாகத்தான் சொன்னார். பிறகு எழுந்தவர் கதவருகே நின்று இன்னொன்றையும் சொன்னார். "புரொஜெக்டைல் எடுங்க, அந்த எறியற பந்து கணக்கு. நம்ம சென்டர்ல கீழ போறத ப்ளஸ்ஸா எடுப்போம், மேல போறது மைனஸ். அதையே ஃபாலோ பண்ணுங்க, பசங்க குழம்பிடுவாங்க."

ஷபீனாவின் முகம் மாறியதை நான் கவனித்தேன். அவள் இத்தனை வருஷமாக மேலே போவதைத்தான் ப்ளஸ்ஸாக எடுத்துக் கணக்குப் போட்டிருக்கிறாள். இரண்டும் சரிதான், எதை எடுத்தாலும் விடை ஒன்றே. ஆனால் வருஷக்கணக்காக இடதுபக்கம் வண்டி ஓட்டினவரிடம் சாவியைக் கொடுக்கும் நேரத்தில், இந்தத் தெருவில் வலதுபக்கம்தான் ஓட்டணும் என்று சொன்னால் எப்படி இருக்கும்? எனக்குச் சிவகுமார் சார் மேல் எரிச்சலாக வந்தது. அவள் "சரி சார்" என்று மட்டும் சொன்னாள்.

நானும் கடைசி பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். நோட்டுகள் எல்லாம் மூடியிருந்தன. அவர் பைக் சாவிக்கொத்தை மேஜைமேல் வைத்தார். அந்தச் சாவியை அவர் கையில் எடுத்துக் குலுக்கினால் டெமோ முடிந்தது என்று அர்த்தம். பிள்ளைகளுக்கும் அது தெரியும்.

ஷபீனா ஆரம்பித்தாள். நாக்கு ஒட்டிக்கொள்ளவில்லை, ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். பத்து மீட்டர் உயரமுள்ள ஒரு மாடியைப் படமாகப் போட்டாள். மாடி விளிம்பில் ஒரு ஆள். முப்பது டிகிரி மேல்நோக்கி, விநாடிக்குப் பத்து மீட்டர் வேகத்தில் பந்தை எறிகிறான். எப்போது தரையில் விழும், எவ்வளவு தூரத்தில் விழும்?

"ஒரே பந்துதான். ஆனா ரெண்டு பந்துன்னு நெனச்சுக்கங்க" என்றாள். "ஒண்ணு பக்கவாட்டுல மட்டும் போவுது. அதை யாரும் இழுக்கல, ஒரே வேகம். இன்னொண்ணு மேல போய் கீழ வருது, அதை பூமி இழுக்குது. ரெண்டுத்தையும் சேர்த்து வெக்கிறது நேரம் மட்டும்தான். அதனால மொதல்ல நேரத்தை புடிக்கணும்."

நன்றாக இருந்தது. எனக்கே புரிந்தது. முன் பெஞ்சில் ஒரு பெண் நோட்டின் ஓரத்தை விரலால் தடவினாள். சிவகுமார் சார் அதைப் பார்த்தார். 

ஷபீனா போர்டில் எழுதினாள். மேல்நோக்கிய வேகம் ஐந்து. கீழே இழுக்கும் முடுக்கம் பத்து. இறங்க வேண்டிய உயரம் பத்து.

10 = 5t − 5t²

ஐந்தால் வகுத்தாள். t² − t + 2 = 0 என்று வந்தது. சூத்திரத்தில் போட்டாள். வர்க்கமூலத்துக்குள் ஒன்று, கழித்தல் எட்டு. மைனஸ் ஏழு.

மார்க்கர் நின்றுவிட்டது.

நான் கெமிஸ்ட்ரிக்காரி. ஆனால் வர்க்கமூலத்துக்குள் மைனஸ் வந்தால் வீட்டுக்குள் பாம்பு வந்த மாதிரி என்று எனக்கும் தெரியும். அப்படி ஒரு நேரமே கிடையாது என்று அர்த்தம். அதாவது பந்து விழவே விழாது.

முதலில் சிரித்தது விக்கி. அந்த பேட்சின் வாய்க்கொழுப்பு முழுவதும் அவனிடம்தான்.

"மிஸ், அப்ப பால் கீழயே வராதா? அப்படியே நேரா மேல போய் சேர்ந்துடுச்சா?"

வகுப்பு முழுக்கச் சிரித்தது. நோட்டின் ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்த பெண் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். சிவகுமார் சாரின் கை சாவிக்கொத்தின்மேல் போய் உட்கார்ந்தது. வெளியே செங்கல்பட்டு லோக்கல் ரயில் ஒன்று ஹார்ன் அடித்துக்கொண்டு போனது. ஷபீனா எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போர்டையே பார்த்தபடி நின்றாள். கழுத்தில் வியர்வை வழிந்து துப்பட்டா நனைந்திருந்தது. எனக்கு எழுந்து போய் அவள் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்துவிடலாமா என்று இருந்தது. அவளைவிட எனக்குத்தான் அழுகை முட்டியது என்று நினைக்கிறேன்.

சாவி லேசாகச் சிணுங்கியது.

"சார், ஒரு நிமிஷம்" என்று நான் அவர் காதில் சொன்னேன். அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் குலுக்கவும் இல்லை.

ஷபீனா ஒரு அடி பின்னால் வந்தாள். தலையைச் சாய்த்து, தான் எழுதியதையும் தான் போட்ட மாடிப் படத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பட்டு அக்கா வீட்டு ஓட்டையையும் ஊறுகாய் ஜாடியையும் இதே மாதிரிதான் பார்த்தாள். எனக்குக் கொஞ்சம் உயிர் வந்தது.

திரும்பினாள்.

"பேர் என்னப்பா?"

"விக்கி, மிஸ்."

"விக்கி, சமன்பாடு பொய் சொல்லாது. நான் இதுங்கிட்ட என்ன கேட்டிருக்கேன்னு பாரு. மேல போறது ப்ளஸ், அஞ்சு. கீழ இழுக்குறது மைனஸ். சரி. ஆனா உயரத்தையும் ப்ளஸ் பத்துன்னு எழுதிட்டேன். அப்ப நான் கேட்டது, பந்து எப்ப தரைக்கு வரும்னு இல்ல. மாடிக்கு மேல பத்து மீட்டர் ஒசரத்துக்கு எப்ப போகும்னு. அந்த வேகத்துல எறிஞ்சா பந்து எவ்ளோ ஒசரம்தான் போகும்?"

விக்கி மாடிப் படத்தைப் பார்த்தான். பிறகு மூன்றாவது வரிசையிலிருந்து சுஜி, கட்டின கையை அவிழ்க்காமலே, "ஒண்ணேகால் மீட்டர்" என்றாள்.

"ஒண்ணேகால் மீட்டர். அதுங்கிட்ட போய் பத்து மீட்டர் எப்ப போவேன்னு கேட்டா? போகவே மாட்டேன்னு சொல்லிடுச்சு. அது சரியாத்தான் சொன்னது, நான்தான் தப்பா கேட்டேன். உங்க சென்டர் ரூல்ல பாதி, என் பழக்கத்துல பாதின்னு எடுத்தேன். ஆத்துல ஒரு கால் சேத்துல ஒரு கால் வெச்சா இப்படித்தான் ஆகும். நீங்களும் பரீட்சையில இதே தப்பை பண்ணுவீங்க. மேல ப்ளஸ்னா கடைசி வரைக்கும் மேலதான் ப்ளஸ். கீழன்னா கீழ. பாதியில மாத்துனா பந்து கீழ வராது."

விக்கி சிரிக்கவில்லை. சிவகுமார் சார் தாடையைச் சொறிந்தார். நோட்டு மட்டும் எதுவும் திறக்கவில்லை.

அவள் அழித்துவிட்டு, இந்த முறை சென்டர் ரூல்படியே, கீழே போவது ப்ளஸ் என்று எழுதினாள். t² − t − 2 = 0. இரண்டு விடை வந்தது. ஒன்று, இரண்டு விநாடி. மற்றொன்று, மைனஸ் ஒரு விநாடி. இரண்டு விநாடியில் பந்து பக்கவாட்டில் பதினேழு மீட்டர் சொச்சம் போய் விழும் என்று முடித்தாள்.

"மைனஸ் ஒண்ண அடிச்சிடுங்க மிஸ்" என்றான் விக்கி. பழக்க தோஷம். "டைம் மைனஸ்ல வராது."

மார்க்கர் மைனஸ் ஒன்றின்மேல் போனது.

"ஏன் மிஸ் அடிக்கணும்?"

சுஜி.  போன வாரம் டெமோவுக்கு வந்த ஆளிடமும் அவள் இதே கேள்வியைத்தான் கேட்டாள். நேரம் மைனஸாக இருக்க முடியாதும்மா என்றார். அப்படியென்றால் கணக்கு எதற்கு அதைக் கொடுத்தது என்றாள். இதெல்லாம் சிலபஸில் இல்லை, உட்காரு என்றார். அத்தோடு அவர் கதை முடிந்தது.  சுஜி வம்புக்காரி இல்லை. மற்றவர்கள் கல்லூரி போய்விட, அதே பெஞ்சில் இரண்டு வருஷமாக உட்கார்ந்து, எல்லாரும் எல்லாவற்றையும் 'அடிச்சிடு, அடிச்சிடு' என்று சொல்வதைக் கேட்டுக்கேட்டுக் கசந்துபோனவள்.

ஷபீனா மார்க்கரை இறக்கினாள். சுஜியின் பக்கம் திரும்பினாள்.

"இந்த சமன்பாட்டுக்கு மாடி தெரியாது" என்றாள். "எறிஞ்ச ஆள் தெரியாது. நாம எப்ப கடிகாரத்த ஓட விட்டோம்னு தெரியாது. ஒரு பந்து ஒரு பாதையில போயிகினு இருக்கு, அதான் அதுக்கு தெரியும். அதுங்கிட்ட போய், இந்த பந்து எப்ப தரையில இருக்கும்னு கேட்டோம். அது ரெண்டு தடவைன்னு சொல்லுது. ஒண்ணு இனிமே. இன்னொண்ணு ஏற்கெனவே."

போர்டில் மாடியைத் தாண்டி விழும் வளைகோட்டை, அது ஆரம்பித்த இடத்திலிருந்து பின்பக்கமாக நீட்டினாள். புள்ளி புள்ளியாக. கோடு மாடிக்குப் பின்னால் இறங்கி, கட்டடத்துக்கு அந்தப் பக்கம் தரையில் போய் நின்றது.

"மாடியே இல்லன்னு வெச்சுக்க. இந்த பந்து இதே எடத்த இதே வேகத்துல தாண்டணும்னா, ஒரு செகண்டுக்கு முன்னாடி இங்கருந்து, தரையிலருந்து கெளம்பியிருக்கணும். அதான் மைனஸ் ஒண்ணு. நாம கடிகாரத்த ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஓடின பாதை."

"அப்ப அது தப்பான ஆன்சர் இல்லையா மிஸ்?"

"தப்பில்ல. கேட்ட கேள்விக்கு அது பதில் இல்ல, அவ்ளோதான். பரீட்சையில அடிச்சிடு. ஆனா என்னத்த அடிக்கறோம்னு தெரிஞ்சு அடி."

சுஜி தலையைக் குனிந்துகொண்டாள்.  அறையில் சிவகுமார் சார் அந்த வருஷங்களையெல்லாம் அடித்துவிட்டதை ஷபீனா நினைத்துச் சொன்னாளா, இல்லை கணக்கை மட்டும்தான் சொன்னாளா, தெரியாது. அவளைக் கேட்டால், கணக்கைத்தான் சொன்னேன் என்பாள்.

நேரம் ஆகிவிட்டது. அப்போதுதான் அவள் அந்தக் காரியத்தைச் செய்தாள். மார்க்கரை மூடிக்கொண்டே, மாடியில் பாய்மேல் உட்கார்ந்து தினமும் சொல்லிச் சொல்லிப் பழகின வாயால்,

"அந்தப் பந்து மாடிக்கு எவ்ளோ தூரம் பின்னாடியிருந்து, என்ன வேகத்துல கெளம்பியிருக்கும்? போட்டுட்டு வாங்க, நாளைக்கு பாக்கறேன்" என்றாள்.

டெமோவில் வீட்டுப்பாடம்! நாளைக்கு வருவோமா என்றே தெரியாத ஒருத்தி! எங்கள் சென்டர் சரித்திரத்தில் இல்லாத கூத்து. சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் வெளியே போனாள்.

சிவகுமார் சார் சாவியை எடுத்துக் குலுக்கினார். வகுப்பை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். எல்லா நோட்டும் மூடியே இருந்தது. கைகள் மட்டும் பெஞ்சுக்கு அடியில் இருந்தன.

அறையில் அவர் சுற்றிவளைக்கவில்லை.

"கான்செப்ட் எல்லாம் நல்லா இருக்கு மேடம். ஆனா ப்ளஸ் மைனஸ்ல சைன் மிஸ்டேக் பண்ணிட்டீங்க. பசங்க நோட்டு ஒண்ணுகூட திறக்கல. என்கிட்ட ஒரே ரூல்தான். தப்பா எடுத்துக்காதீங்க."

"இல்ல சார்" என்றாள் ஷபீனா. கைப்பையைத் தோளில் மாட்டினாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

அவள் படியிறங்கும் வரை காத்திருந்துவிட்டு நான் அவரைப் பிடித்துக்கொண்டேன். "சார், அந்தப் பொண்ணு கேட்ட கேள்விக்கு இந்த ஊர்ல எந்த சென்டர்ல பதில் சொல்றாங்க, சொல்லுங்க பாக்கலாம்?"

"தபீதா மேடம், நீங்க கெமிஸ்ட்ரிய பாருங்க."

"பாக்கறேன். நோட்டப் பாக்கறதுக்கு பதிலா நீங்களும் ஒருநாள் போர்ட பாருங்க."

வேலைக்கே உலை வைக்கிற பேச்சுதான். கோபத்தில் வந்துவிட்டது. அவர் பதில் சொல்ல வாயெடுக்கும்போது கதவு தட்டப்பட்டது. சுஜி. அவள் தோளுக்குப் பின்னால் விக்கி. அவனுக்குப் பின்னால் நாலைந்து தலைகள்.

"சார், பிசிக்ஸ் மிஸ் எங்க?"

"போயிட்டாங்க. ஏன்?"

"போயிட்டாங்களா? ஹோம்வொர்க் குடுத்தாங்களே சார்." சுஜிக்கு ஏமாற்றம் முகத்திலேயே தெரிந்தது. "எட்டரை மீட்டர் சொச்சம் பின்னாடின்னு எல்லாருக்கும் வருது. வேகம்தான் சண்டையா இருக்கு. விக்கி பதினஞ்சுன்றான். எனக்கு பதினேழு பாயின்ட் மூணு ரெண்டு வருது. மொதல்ல தூரத்துக்கு வந்த அதே நம்பர். அதனாலயே எனக்கு டவுட்டா இருக்கு."

"எனக்கு வந்ததுதான் சரி சார்" என்றான் விக்கி.

"எதுல போட்டீங்க?" என்றார் சிவகுமார் சார். "நோட்டே திறக்கலையே நீங்க?"

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"டெமோல நோட்ட திறக்க மாட்டோம் சார். அது இந்த வருஷம் நாங்க போட்ட பேட்ச் ரூலு" என்றாள் சுஜி. "நீங்க அததான் பாக்கறீங்கன்னு எங்களுக்கும் தெரியும்ல."

உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். நீல பால்பாயிண்டில் மாடி, வளைகோடு, புள்ளிக்கோடு, அதன் அடியில் மைனஸ் ஒன்று. அதை அவள் அடிக்கவில்லை. கணக்கு விரல்கள் வழியாக ஏறி மணிக்கட்டு வரை போயிருந்தது. விக்கி சட்டைக் கையை மடித்தான். முழங்கை வரைக்கும் எழுதியிருந்தான். பின்னால் நின்றவர்களும் ஒவ்வொருவராகக் கையை நீட்டினார்கள்.

"யார் சார் திருத்துவாங்க?" என்றாள் சுஜி.

சிவகுமார் சார் அந்தக் கைகளைப் பார்த்தார். சாவிக்கொத்தை மெதுவாக மேஜைமேல் வைத்தார். அவர் "தபீதா மேடம், அவங்கள..." என்று ஆரம்பித்தபோது நான் ஏற்கெனவே படிக்கட்டு ஜன்னலில் இருந்தேன்.

கீழே இர்ஃபான் பைக்கை ஸ்டார்ட் செய்துவிட்டார். ஷபீனா பின்னால் உட்கார்ந்து ஹெல்மெட்டும் மாட்டியிருந்தாள். அந்த ரோட்டின் இரைச்சலில் எவன் காதில் விழும்? சர்ச் கோயரில் பாடின தொண்டையை முழுவதும் திறந்தேன்.

"ஷபீனா! ஹோம்வொர்க்க திருத்திட்டு போடி!"

செல்போன் கடைக்காரன் எட்டிப் பார்த்தான். இர்ஃபான் பிரேக் போட்டு அண்ணாந்து, "இன்னா ஆச்சுக்கா?" என்று கத்தினார். ஷபீனா ஹெல்மெட்டோடு தலையைத் தூக்கினாள். வேலை கிடைத்ததா என்று கேட்கவில்லை. சார் என்ன சொன்னார் என்று கேட்கவில்லை.

"எவ்ளோக்கா வருது அதுங்களுக்கு?"

"சுஜிக்கு பதினேழு சொச்சம். விக்கிக்கு பதினஞ்சு!"

"விக்கி பக்கவாட்டு வேகத்த சேர்க்காம விட்டுட்டான்" என்று சொல்லிக்கொண்டே வண்டியிலிருந்து குதித்தாள். ஹெல்மெட்டைக் கழற்றக்கூட இல்லை. அப்படியே படியேறி வந்தாள்.